பூனைக்குப் பட்டினி மருந்தல்ல

காய்ச்சலா, வயிற்றுக் கோளாறா, ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்து என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று அதற்கு ஒரு சொலவடையும் கைவசம் உண்டு. மனிதருக்கு அது பல நேரம் பலிக்கிறது. நாய்க்கும் ஒரு நாள் வயிறு காய்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இதே பாடத்தைப் பூனைக்கும் நீட்டிவிடுவதில்தான் வினை இருக்கிறது. உடம்பு சரியில்லாத பூனை தட்டைத் திரும்பியும் பார்க்காமல் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டால், “பசிச்சா தானே வந்து திங்கும்” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். முதல் நாள் அப்படிப் போகிறது. இரண்டாம் நாள் பால் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் கருவாடு. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடும்போது, முதலில் வந்த நோய் எதுவாக இருந்தாலும், அதன்மேல் இன்னொரு நோய் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டாவது நோயின் பெயர் பட்டினி. பூனை சாப்பிடாமல் இருப்பதை வேறு ஏதோ நோயின் அறிகுறி என்று மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. அதுவே தனி நோய். காரணம் என்ன என்று தேடுகிற அதே நேரத்தில், அதற்கும் தனியாக வைத்தியம் நடந்தாக வேண்டும்.

பூனையின் உடம்பு ஏன் பட்டினியைத் தாங்குவதில்லை என்பதற்கு அதன் பழைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலி, பல்லி, சிறு பறவை என்று இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டையாடித் தின்கிற பிராணி அது. சிங்கத்தைப்போல ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்றுவிட்டு நாலு நாள் நிழலில் கிடக்கும் வழக்கம் அதற்கு இல்லை. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கிறது. நாலு கிலோ எடையுள்ள பூனைக்குச் சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். கணக்குப் போட்டால் ஆறேழு எலி வருகிறது. ஓடியாடினால் எட்டு, பத்து. சங்கப் பாடல்களில் வருகிற வெருகும் அந்திப்பொழுதில் வீட்டுக் கோழிக்காகப் பதுங்கியிருக்கிற வேட்டைக்காரன்தான். பால்சோறு பழக்கியது பின்னால் வந்த நாம்.

இந்த வேட்டை வாழ்க்கை பூனையின் கல்லீரலைச் சிக்கனம் தெரியாத ஒன்றாக ஆக்கிவிட்டது. மனிதரோ நாயோ புரதம் குறைவாகச் சாப்பிட்டால், கல்லீரல் புரதத்தைச் சிதைக்கும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கு அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு. இறைச்சி வந்தாலும் வராவிட்டாலும் அது புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வராத நாளில் சொந்தத் தசையை எடுத்து எரிக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜேம்ஸ் மாரிஸும் குவின்டன் ராஜர்ஸும் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று கால்நடை மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் மட்டும் இல்லாத உணவைப் பூனைகளுக்கு ஒரு வேளை கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அம்மோனியா ஏறி, அவை வாந்தியெடுத்துத் தள்ளாடத் தொடங்கின. ஒரு வேளை உணவில் ஒரு சத்து விட்டுப்போனதற்கே இந்தப் பாடு என்றால், பல வேளை உணவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை, நடப்பது தெளிவாகவே தெரியும். சாப்பாடு நின்றதும் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அதை எரிபொருளாக்கவோ, புரதத்தோடு சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பவோ கல்லீரலுக்குச் சில சரக்குகள் தேவை. அந்தச் சரக்குகள் வர வேண்டியது உணவிலிருந்து, உணவோ இல்லை. ரேஷன் கடையில் லாரி லாரியாக மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கிறது, எடை போட்டுக் கொடுக்க ஆள் இல்லை என்றால் கடை எப்படி அடைத்துப்போகுமோ, அப்படிக் கல்லீரல் அடைத்துப்போகிறது. செல்கள் கொழுப்பில் உப்பி, பித்தம் வெளியேறும் நுண்வழிகள் நெரிபட்டு, காமாலை வருகிறது. கல்லீரல் கெட்டால் குமட்டல். குமட்டினால் பூனை சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் கல்லீரல் மேலும் கெடும். மருத்துவர்கள் இதை ஹெப்பாட்டிக் லிபிடோசிஸ் என்கிறார்கள். நாம் அடிக்கடி கேள்விப்படுகிற மனிதர்களின் ‘ஃபேட்டி லிவ’ரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் அளவுக்கு மீறித் தின்றும் குடித்தும் வருஷக்கணக்கில் வருவது. இது தின்னாமல் இருந்து நாள்கணக்கில் வருவது. முழுப் பட்டினியில் இரண்டு, மூன்று நாளிலேயே தொடங்கிவிடக்கூடும். அரைகுறையாகக் கொறித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கலாம். இதில் கொடுமை என்னவென்றால், கொழுத்த பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். “நல்லா புஷ்டியாத்தானே இருக்கு, நாலு நாள் தாங்கும்” என்பது தலைகீழ்க் கணக்கு. கரைவதற்குக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கல்லீரல் மூழ்கும்.

இந்த நோய் மருத்துவ இலக்கியத்தில் 1970களின் பிற்பகுதியில்தான் விரிவாகப் பதிவாகத் தொடங்கியது. அப்போது இதற்கு ஆளான பூனைகளில் பெரும்பாலானவை செத்தன. பிறகு நிலைமையை மாற்றியது புதிய மாத்திரை ஏதும் இல்லை, சாப்பாடு. குழாய் வழியாகப் போதிய அளவு உணவைத் தொடர்ந்து செலுத்தத் தொடங்கியதும் பிழைப்பவை நூற்றுக்கு 60 முதல் 85 வரை என்று வெவ்வேறு மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டின. பட்டினியால் வந்ததை உணவால் மீட்க முடிகிறது என்பதே பட்டினிதான் குற்றவாளி என்பதற்குப் போதுமான சாட்சி.

“பசிச்சா தானே திங்கும்” என்ற நம்பிக்கைக்கு எதிரான ஆகப் பெரிய சான்று 1994இல் ஓர் அமெரிக்கக் கால்நடை ஆராய்ச்சி இதழில் வந்தது. உடல் பருத்த பூனைகளிடமிருந்து பழகிய தீவனத்தை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பிடிக்காத வேறொன்றை வைத்தார்கள். தட்டு எதிரிலேயே இருந்தது, யாரும் தடுக்கவில்லை. பூனைகள் அதைத் தொடாமல் வாரக்கணக்கில் கிடந்து, எடையில் கணிசமான பங்கை இழந்து, கல்லீரலில் கொழுப்பு ஏறி நோயில் விழுந்தன. பசி ருசி அறியாது என்பது நம் பழமொழி. பூனை அதைக் கேள்விப்பட்டதில்லை. (பூனை குண்டாகிவிட்டது என்று திடீரென ‘டயட்’ தீவனத்துக்கு மாற்றி, “வேற வழியில்லாம திங்கட்டும்” என்று காத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தங்கள் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.) பூனைக்குப் பசியின் வாசல் மூக்கு. இனிப்பை அதன் நாக்கு அறியவே அறியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனையில் செயலிழந்து கிடப்பதைப் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2005இல் கண்டுபிடித்தார்கள். எனவே சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், தேன் என்று நாம் ஆசைகாட்டுவதெல்லாம் அதற்குக் காட்டப்படாத ஆசைதான். சளி பிடித்து மூக்கடைத்த பூனைக்கு மீன் மணமும் எட்டாது. மணம் எட்டாத உணவு அதன் கணக்கில் உணவே இல்லை.

இங்கே எழுகிற முதல் மறுப்பு நியாயமானது. காட்டில் எந்தப் பூனைக்கு யார் ஊட்டினார்கள்? நோய் வந்த மிருகம் ஒதுங்கிப் படுத்து, பட்டினி கிடந்து, தானே தேறி எழுவதில்லையா? அறிவியலும் இந்த வாதத்துக்கு ஓரளவு கைகொடுக்கிறது, மறைப்பதற்கில்லை. நோய்க்கிருமி செலுத்தப்பட்ட சுண்டெலிகளுக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியபோது, அவை சும்மா விடப்பட்ட எலிகளைவிட அதிகமாகச் செத்தன என்று 1979இல் ஓர் ஆய்வு சொன்னது. தொற்றை எதிர்த்துப் போராடும் உடம்பு பசியைத் தானாகவே அடக்கி வைக்கிறது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஆனால் அந்த அடக்கம் ஒரு நாள், ஒன்றரை நாள் வேலைக்கானது. வளர்ந்த பூனைக்கு 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் சலுகை கொடுப்பது அதனால்தான். குட்டிகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது, அரை நாளே அதிகம். தவிர, எலிக்குப் பூனையின் கல்லீரல் இல்லை. காட்டுப்பூனைக்கோ நம் வீட்டுப் பூனையின் தொப்பை இல்லை. கருத்தடை செய்து, சன்னலோரம் படுத்து, கிண்ணம் நிறைய உலர்தீவனம் தின்று ஐந்தரைக் கிலோ ஆன பூனைக்குக் காட்டின் சட்டத்தை எப்படிப் பொருத்துவது? காட்டில் ஒதுங்கிப் படுத்த பூனைகள் எல்லாம் தேறி எழுந்தன என்பதும் நாம் செய்துகொண்ட கற்பனை. எழாதவை நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பிடித்து உட்காரவைத்து வாயில் ஊற்றிவிட வேண்டியதுதானே என்று அடுத்த கோடிக்குத் தாவுபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெனாலிராமன் பூனையை நினைவுபடுத்த வேண்டும். ராயர் கொடுத்த பூனைக்கு முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்தான் ராமன். நாக்கு வெந்த பூனை அதன்பிறகு பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. சிரிப்பதற்காகச் சொன்ன கதை, ஆனால் பூனையின் மனம் வேலை செய்யும் விதத்தை அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிடவில்லை. குமட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓர் உணவை வாயில் திணித்தால், குமட்டலுக்குக் காரணம் அந்த உணவுதான் என்று பூனை முடிவு கட்டிவிடும். நோய் குணமான பிறகும் அதைத் தொடாது. சில சமயம், திணித்த ஆளைக் கண்டாலும் ஒளிந்துகொள்ளும். முகம் மேலே பார்க்கும்படி தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரவும் வழியுண்டு. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, பூனைக்குப் பசி இல்லையா, குமட்டலா, அல்லது பசி இருந்தும் தின்ன முடியவில்லையா என்பதை. மூன்றும் வேறு வேறு. குமட்டும் பூனை தட்டருகே வரும், முகரும், உதட்டை நக்கிக்கொள்ளும், ஒன்றிரண்டு முறை வெறுமனே விழுங்கும். பிறகு தட்டைச் சுற்றித் தரையை முன்காலால் பறிக்கும், மலத்தை மண்ணால் மூடுவதைப்போல. அந்த நாற்றம் எனக்கு வேண்டாம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல அதற்கு வாய் இல்லை. சில பூனைகள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்காமல், நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். பசி இருந்தும் தின்ன முடியாத பூனை வேறு மாதிரி. ஆவலோடு ஓடிவந்து ஒரு வாய் கவ்வும், உடனே சீறிக்கொண்டு விலகும் அல்லது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்று கீழே போடும். அதற்குப் பல்லிலோ ஈறிலோ புண், அல்லது தொண்டையில் முள்.

வெறும் பிடிவாதம் என்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பிடிவாதக்காரப் பூனை ஒன்றை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தின்னும். மற்றபடி விளையாடும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். எதை வைத்தாலும் தொடாமல், மயிர் சிலிர்த்துக் கலைந்து, நான்கு கால்களையும் உடம்புக்கடியில் இழுத்துக்கொண்டு முதுகைக் கூனிக் குந்தியிருப்பது பிடிவாதம் ஆகாது.

அந்த முதல் நாளில் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு, அதற்குக் காசும் அதிகம் ஆகாது. ஈரத் துணியால் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி பரவவிட்டு, அங்கே பத்து நிமிடம் பூனையை வைத்திருந்தால் அடைப்பு கொஞ்சம் இளகும். உணவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்கக் கூடாது. அப்போதுதான் பிடித்த எலியின் உடல் சூடு, அதாவது 37, 38 டிகிரி செல்சியஸ், பூனைக்குப் பிடித்த சூடு; மணிக்கட்டில் வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக உணர வேண்டும், அதற்கு மேல் போனால் தெனாலிராமன் கதைதான். உப்போ மசாலாவோ போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, அந்த வேகவைத்த தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி வைக்கலாம். மத்தியோ நெத்திலியோ என்றால் முள் நீக்கி, வேகவைத்துத்தான் தர வேண்டும். சில வகை மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பச்சை மீனையே தொடர்ந்து தின்று வளரும் பூனைக்கு அந்த வைட்டமின் குறைந்து, அதனாலேயே பசி போய்விடுவதுண்டு. பூனைக்கான ஈரத் தீவனப் ‘பவுச்’ இருந்தால் இன்னும் நல்லது. தட்டையான தட்டு, ஆழக் கிண்ணம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி அளவு மட்டும், மலத்தட்டிலிருந்தும் மற்ற பூனைகளிடமிருந்தும் தள்ளி. பத்து, பதினைந்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். மூக்கின் கீழேயே நாள் முழுக்க ஆறிக் கிடக்கும் மீன் வாசனை குமட்டலைத்தான் வளர்க்கும்.

வைக்கக் கூடாதவற்றின் பட்டியல் நம் சமையலறையைப் பொறுத்தவரை கொஞ்சம் நீளம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டது அவையடக்கம். அதை உணவுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெங்காயமும் பூண்டும் எந்த வடிவத்திலும் ஆகாது, குழம்பில் கிடந்த மீனாக இருந்தாலும் சரி, பூண்டு ரசமாக இருந்தாலும் சரி. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. எல்லாவற்றையும்விட மோசமானது, “உடம்பு சுடுது” என்று குழந்தைக்கு வாங்கிவைத்த பாராசிட்டமாலைக் கொடுப்பது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. ஒரே ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கிச் சாகும். எத்தனையோ பூனைகளை வந்த நோய் விட்டுவிட்டிருக்கும். அன்பாகக் கொடுத்த அரை மாத்திரை விட்டிருக்காது.

24 மணி நேரத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு. ஆண் பூனை மலத்தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை என்றால் குழாய் அடைத்துவிட்டது. அது ஓரிரு நாளில் உயிர் போகிற விஷயம். தையல் நூல், பட்டம் விட்ட நூல் வாயிலோ ஆசனவாயிலோ நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டால் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதில் மணிக்கணக்குதான். காதுமடலின் உட்புறம், ஈறு, கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகத் தெரிந்தால் கல்லீரல் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது. தெருப் பூனை ஒன்று எச்சில் வடித்துக்கொண்டு, விழுங்க முடியாமல், குணம் மாறித் திரிந்தால் அதன் வாயைத் திறந்து பார்க்கும் கருணை வேண்டாம். வெறிநோய் பூனைக்கும் வரும். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்க வேண்டும் என்பதும் வளர்ப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது, கேட்டு வாங்கலாம் அல்லவா. ‘டிரிப்ஸ்’ ஏற்றியாகிவிட்டது, இனித் தெம்பு வந்துவிடும் என்று திருப்தியோடு வீடு திரும்புவது நம் ஊர்ப் பழக்கம். சலைன் தண்ணீரும் உப்பும்தான். அதில் புரதம் இல்லை. நீர்ச்சத்தை ஈடுகட்டுவது அவசியமான முதல் படி, ஆனால் அது சாப்பாடு ஆகாது. அடுத்தது குமட்டலை நிறுத்துவது. மாரோபிடான்ட் போன்ற மருந்துகள் அதற்கு இருக்கின்றன. வலி இருந்தால் பூனைக்கு ஏற்ற வலிநிவாரணி. பிறகு பசியைத் தூண்டும் மருந்துகள். மனிதர்களின் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுகிற மிர்டாசபின் பூனையின் பசியைக் கிளறும் என்று தெரிந்து, காதுமடலில் தடவும் களிம்பாக அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் ஒப்புதல் கொடுத்தது. சிறுநீரக நோயால் எடை குறையும் பூனைகளுக்கென்று காப்ரோமோரெலின் என்ற இன்னொரு மருந்து 2020இல் வந்தது. நல்ல மருந்துகள்தான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மனித மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கக் கூடாது. அளவு கூடினால் பூனை இரவெல்லாம் அலறி அலைபாயும். இன்னொன்று, மருந்து கொடுத்ததும் இரண்டு வாய் தின்றதைப் பார்த்து நிம்மதியாகிவிடவும் கூடாது. தேவை 200 கலோரி, தின்றது 20 என்றால் பட்டினி தொடர்கிறது என்றுதான் பொருள்.

மருந்துக்கும் மசியாத பூனைக்கு வழி குழாய். மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் சில நாட்களுக்கு வைக்கலாம். நீண்ட நாள் தேவை என்றால், சிறிது நேர மயக்கத்தில் கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளையிட்டு உணவுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் வளர்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “பாவம், அதை ஏன் சித்ரவதை பண்ணணும், சிரிஞ்சில நாங்களே ஊட்டிடறோம்” என்கிறார்கள். எது சித்ரவதை என்று நிதானமாக யோசிக்க வேண்டும். குமட்டும் பூனையைத் துணியில் சுருட்டி, தாடையைப் பிளந்து, ஒரு நாளைக்கு ஆறு முறை, கண்ணில் மிரட்சியோடு திமிறத் திமிற ஊட்டுவதா? மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கழுத்துக் குழாயில் வெதுவெதுப்பான கூழை மெதுவாகச் செலுத்துவதா? கழுத்துக் குழாயோடு பூனை நடக்கும், தூங்கும், பசி திரும்பியதும் தானாகவும் தின்னும். மருந்தையும் அதிலேயே கொடுத்துவிடலாம். சில வாரங்களில் எடுத்துவிட்டால் துளை தானே மூடிக்கொள்ளும். பார்ப்பவருக்குப் பயங்கரமாகத் தெரிவது பூனைக்குப் பெரும்பாலும் சௌகரியமாக இருக்கிறது. நம் கண்ணின் சங்கடத்தைப் பூனையின் வேதனை என்று எண்ணிக்கொள்கிறோம்.

குழாய் கிடைத்தாலும் அவசரம் ஆகாது. பல நாள் காய்ந்த உடம்பில் முதல் நாளே முழு உணவையும் இறக்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து, சிவப்பணுக்கள் உடைந்து, பட்டினி கொல்லாததைச் சாப்பாடு கொன்றுவிடும். அதனால் முதல் நாள் தேவையில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு, நாலு கிலோப் பூனைக்கு 50, 60 கலோரி. பிறகு மூன்று நாலு நாளில் படிப்படியாக முழு அளவு. நடுநடுவே ரத்தப் பரிசோதனை.

செலவு என்ற மறுப்பைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. பூனைக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவரோடு வாதாடலாம்; கையில் பணம் இல்லாதவரோடு வாதாட முடியாது. குழாய் வைக்கும் பயிற்சியும் வசதியும் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் கணக்கின் ஒரு பக்கம் எப்போதும் மறக்கப்படுகிறது. இரண்டாம் நாள் வந்தால் பல பூனைகளுக்கு ஓர் ஊசி, குமட்டல் மருந்து, சுடவைத்த உணவு என்று முடிந்துவிடும். ஏழாம் நாள் மஞ்சளாக வந்தால்தான் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாய், உள்நோயாளி என்று நீளும். தாமதம்தான் விலையை ஏற்றுகிறது. தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றோடு மருத்துவமனைகளும் இருக்கின்றன. வேறு வழியே இல்லாத இடத்தில், குமட்டல் அடங்கிய பிறகு, மருத்துவர் காட்டிக்கொடுத்த முறையில் சிரிஞ்சு ஊட்டலும் செய்யலாம். ஊசி இல்லாத சிரிஞ்சு, பக்கவாட்டில் கோரைப்பல்லுக்குப் பின்னால், தலை நிமிராமல் நேராக, அரை மில்லி, ஒரு மில்லியாக. விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. பூனை திமிறினால் நிறுத்திவிட வேண்டும். இது இரண்டாம்தர வழி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்தால் தவறில்லை.

இன்னொரு கேள்வி மீதமிருக்கிறது, இருப்பதிலேயே கனமானது அதுதான். பதினைந்து, பதினாறு வயது. சிறுநீரகம் தேய்ந்துவிட்டது, அல்லது வயிற்றில் கட்டி. அந்தப் பூனை சாப்பாட்டை மறுத்தால், அது போக விரும்புகிறது என்று விட்டுவிடுவது கருணை இல்லையா? சில நேரம் ஊட்டாமல் இருப்பதே சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். மீளாத நோயில் குழாய் வைப்பது நமக்காகச் செய்வதாகிவிடும். ஆனால் மீளாதது என்று முடிவு செய்ய வேண்டியது பரிசோதனை. தொடாத தட்டு அல்ல. சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் எழுந்து தின்கிற கிழப் பூனைகள் உண்டு. சிறுநீரகம் பழுதான பூனைக்கும் குமட்டலைக் கட்டுப்படுத்தினால் இன்னும் பல மாதம் நல்ல வாழ்வு கிடைப்பதுண்டு. உண்மையிலேயே முடிவுதான் என்று தெரிந்துவிட்டால், வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசி இருக்கிறது. கட்டிலடியில் பத்து நாள் காய்ந்து போவது இயற்கையான சாவு என்று நாம் பெயர் சூட்டிக்கொள்ளலாம். குமட்டலும் பலவீனமுமாக அந்தப் பத்து நாளைக் கழிப்பது பூனை.

உங்கள் வீட்டுப் பூனை நேற்றுக் காலையிலிருந்து தட்டைத் தொடவில்லை என்றால் இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் எடை பார்க்கும் மெஷினில் பூனையோடு ஒரு தடவை, பூனை இல்லாமல் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். கடைசியாக என்ன தின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது சிறுநீர் கழித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கப்போகிற முதல் கேள்விகள் அவைதான்.